புதிய தலைமையாசிரியர் யாரிடம் கேட்பது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பள்ளி நிர்வாகம் பற்றி நீங்கள் எழுதுவதை இரண்டு வருடமாகப் படித்துவருகிறேன். 14 வருடம் கணித ஆசிரியையாக இருந்த அதே பள்ளியில் மூன்று மாதம் முன்பு தலைமையாசிரியராகப் பொறுப்பேற்றேன். அதற்கு முன் 5 நாள் பயிற்சி கொடுத்தார்கள். விதிகள், கணக்கு, பதிவேடுகள், விடுப்பு எல்லாம் சொன்னார்கள், ஒன்றுவிடாமல் குறித்துக்கொண்டேன். இப்போது தினமும் என் முன்னால் வந்து நிற்கும் எதற்கும் அந்த நோட்டில் பதில் இல்லை.

நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்து பேசியவர்கள், நான் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால் பேச்சை நிறுத்துகிறார்கள். தினமும் இரண்டு வகுப்பாவது போய்ப் பார்க்க வேண்டும் என்றார்கள். போகிறேன், பத்து நிமிடம் நிற்கிறேன், பதிவேட்டில் எழுதுகிறேன். ஆசிரியர்கள் பதற்றப்படுகிறார்கள், அதற்கு மேல் ஒன்றும் நடப்பதில்லை. எனக்கே பாடம் நடத்தக் கற்றுக்கொடுத்த ஒரு மூத்த ஆசிரியர் பாடப்பகுதியை முடிக்காமல் பின்தங்கியிருக்கிறார், அவரிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. மேலதிகாரியிடம் கேட்கலாம்தான், ஆனால் இதுகூடத் தெரியாதவரையா போட்டோம் என்று நினைத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. வேறு யாரிடம் கேட்பது? பேசாமல் வகுப்புக்கே திரும்பிவிடலாமா என்று சில ராத்திரிகளில் தோன்றுகிறது.

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தலைமையாசிரியருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், நீங்கள் எழுதியிருப்பதில் எதுவும் உங்கள் தகுதிக் குறைவைக் காட்டவில்லை. வகுப்பறையில் 14 வருடம் சேர்த்த அறிவு வேறு, இந்த நாற்காலி கேட்கிற அறிவு வேறு. பிள்ளைகளுக்குப் புரியவைக்கத் தெரிந்த ஒருவர், பெரியவர்களிடம் அவர்களுடைய வேலையைப் பற்றிப் பேச புதிதாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டும், அதுவும் யாராவது கூட இருந்தால்தான் முடியும். உங்களுக்கு அந்த ஆளைக் கொடுக்கவில்லை. குறை அங்கேதான்.

நான் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற இரண்டாவது மாதம், அடிக்கடி தாமதமாக வந்துகொண்டிருந்த ஒரு ஆசிரியையை என் அறைக்கு அழைத்துப் பேசினேன். குரலை உயர்த்தவில்லை, விதியில் இருப்பதைத்தான் சொன்னேன். மறுநாளிலிருந்து நேரத்துக்கு வந்தார். ஆனால் என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை, மெல்ல அவரோடு இன்னும் நான்கு பேர் அப்படி ஆனார்கள், மாதக்கணக்கில் இது நீடித்தது, எனக்குக் காரணமே பிடிபடவில்லை. அப்போது வேறொரு பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், எந்த உத்தரவும் இல்லாமல், அவராகவே மாதம் ஒருமுறை என்னைப் பார்க்க வருவார். அவரிடம் சொன்னேன். நான் எப்படிப் பேசியிருக்க வேண்டும் என்று ஏதாவது சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "நீங்க பேசும்போது ரூம்ல வேற யார் இருந்தாங்க?"

எழுத்தர் இருந்தார். ஓரத்து மேசையில் சம்பளப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறர் முன்னால் கண்டிக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா என்ன? பயிற்சியில்கூடச் சொல்லியிருப்பார்கள், நான் அடிக்கோடு போட்டிருப்பேன். ஆனால் அன்றைக்கு அந்த எழுத்தர் என் கண்ணுக்குப் 'பிறர்' ஆகத் தெரியவில்லை, அறையிலிருந்த அலமாரி மாதிரி இருந்தார். அந்த ஆசிரியைக்கு அப்படி இல்லை. அடுத்த வாரம் அவரிடம் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். எல்லாம் உடனே சரியாகவில்லை, பேச்சு திரும்பி வர இன்னும் கொஞ்ச நாள் ஆனது. விதியைத் தெரிந்துகொள்ள 5 நாள் பயிற்சி போதும். அந்த விதி நம் அறையில், நம் கண்ணெதிரே மீறப்படும்போது அதைப் பார்ப்பதற்கு வெளியிலிருந்து இன்னொரு கண் வேண்டும், அது ஒருநாள் வந்துவிட்டுப் போனால் போதாது, முதல் ஓரிரு வருடமாவது தொடர்ந்து வர வேண்டும்.

இதைத் தனிப்பட்ட மனத்தைரியத்தின் பிரச்சினையாகச் சுருக்கிவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். ஒரு தலைமையாசிரியர் தடுமாறினால் அது பிள்ளைகளின் படிப்பில் போய் விழுகிறது. அமெரிக்காவில் ஜேசன் கிரிஸம், அன்னா எகலைட், கான்ஸ்டன்ஸ் லிண்ட்சே ஆகிய மூவரும் இருபது வருட ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். தொடக்கப்பள்ளிகளில், திறன்படி நூறு பேரை வரிசைப்படுத்தினால் கீழிருந்து 25ஆவது இடத்தில் இருக்கும் தலைமையாசிரியருக்குப் பதிலாக 75ஆவது இடத்தில் இருப்பவர் வந்தால், அந்தப் பள்ளியின் சராசரிப் பிள்ளை ஒரே வருடத்தில் கணிதத்தில் 2.9 மாதப் படிப்பும் வாசிப்பில் 2.7 மாதப் படிப்பும் கூடுதலாகப் பெறுவதற்குச் சமம் என்று கணக்கிட்டார்கள். ஒரு நல்ல ஆசிரியரால் தன் வகுப்புக்கு நடப்பது இங்கே பள்ளி முழுவதற்கும் நடக்கிறது.

சரி, உதவி செய்தால் பலன் இருக்கிறதா? இருக்கிறது. அதே நாட்டில் 2011இல் ஆறு பெரிய பள்ளி மாவட்டங்கள் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள்) தலைமையாசிரியர்களைத் தயார் செய்வது, தேர்ந்தெடுப்பது, பள்ளியில் அமர்த்துவது, அமர்ந்த பிறகு கூட நிற்பது எல்லாவற்றையும் ஒரே தொடராக மாற்றி அமைத்தன. ரேண்ட் ஆய்வு நிறுவனம் 2019இல் அளந்து பார்த்தபோது, இந்த மாவட்டங்களில் புதிய தலைமையாசிரியர் வந்த பள்ளிகள், வேறு இடங்களில் அதேபோல் புதியவர் வந்த பள்ளிகளை வாசிப்பிலும் கணிதத்திலும் தெளிவாக முந்தியிருந்தன, புதியவர்கள் வேலையில் நீடிப்பதும் அதிகமாகியிருந்தது. இதற்கான செலவு மாவட்ட பட்ஜெட்டில் அரை சதவீதத்துக்கும் குறைவு. இந்தக் கணக்கைத்தான் பணம் இல்லை என்று சொல்கிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் காட்டுகிறேன்.

சிங்கப்பூரில் பள்ளித் தலைமைக்குத் தேர்வாகிறவர்களை 2001 முதல் பல மாத முழுநேரப் படிப்புக்கு அனுப்புகிறார்கள். அதில் ஒரு பகுதியாகத் தன் பள்ளி அல்லாத இன்னொரு பள்ளியில் போய் வேலை செய்து பார்க்க வேண்டும். நியூசிலாந்து 2002இல் முதல்முறை தலைமையாசிரியர்களுக்கென்றே நாடு தழுவிய திட்டம் தொடங்கியது. கனடாவின் ஒண்டாரியோவில் முதல் இரண்டு வருடத்துக்கு ஒரு மென்டர், அதாவது கூட இருந்து வழிகாட்டும் அனுபவசாலி, உண்டு. வழிகள் வேறுவேறு, ஆனால் பதவி ஆணையைக் கையில் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று இவர்கள் யாரும் நினைக்கவில்லை.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். மேலதிகாரியிடம் கேட்கத் தயங்குவது நியாயமான தயக்கம்தான். உங்களை மதிப்பிட்டு எழுதுகிறவரும் நீங்கள் மனம்விட்டுப் பேச வேண்டியவரும் ஒரே ஆளாக இருந்தால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். மென்டர் தனி ஆளாக இருக்க வேண்டும், அவர் கேட்டது அலுவலகத்துக்குப் போகக் கூடாது, அவருக்கு அதற்கென்று நேரமும் ஊதியமும் ஒதுக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த ஏற்பாடு பெயருக்குத்தான் இருக்கும். பயிற்சி அமைக்கிற யாராவது இதைப் படித்தால், ஐந்து நாளை பத்து நாளாக்குவதைவிட இதைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்னொன்று, எல்லாவற்றையும் முன்கூட்டியே கொட்டிவிடாதீர்கள். ஆசிரியர் மதிப்பீட்டைப் பற்றி அந்த வேலை வருவதற்கு இரண்டு வாரம் முன்னால் பேசினால் மனதில் நிற்கும், கால அட்டவணைச் சிக்கலைப் பள்ளி திறக்கும்போது பேசினால் கை வரும்.

அப்படி ஒரு மென்டர் ஏற்பாடு வரும்வரை நீங்கள் காத்திருக்க முடியாது. வேறு பள்ளிகளில் புதிதாகப் பொறுப்பேற்ற ஐந்தாறு பேரைத் தேடிப் பிடியுங்கள், உங்களோடு அந்த 5 நாள் பயிற்சியில் இருந்தவர்களே போதும். மாதம் ஒருநாள், இரண்டு மணி நேரம். ஒருவர் தன் பிரச்சினை ஒன்றை வைக்க வேண்டும், மற்றவர்கள் முதல் அரைமணி நேரம் கேள்வி மட்டும்தான் கேட்கலாம், யோசனை சொல்லக் கூடாது. இது கஷ்டம், ஆசிரியர்களாக இருந்த நமக்கு வாய் துறுதுறுக்கும். இந்த முறை புதிதில்லை. ரெக் ரெவன்ஸ் என்பவர் 1940களில் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்க மேலாளர்களை இப்படிச் சிறு குழுக்களாக உட்காரவைத்துத் தங்கள் சிக்கல்களைத் தாங்களே பேசவிட்டார். வெளியிலிருந்து வரும் நிபுணரைவிட, அதே கஷ்டத்தில் இருக்கும் இன்னொருவரிடமிருந்து மனிதர்கள் அதிகம் கற்கிறார்கள் என்பது அவர் எண்ணம். அதோடு, ஓய்வுபெற்ற ஒருவரைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள். உங்கள் பள்ளி அளவே உள்ள பள்ளியை நடத்தியவராக இருந்தால் நல்லது, உங்கள் பள்ளியிலேயே இருந்தவர் வேண்டாம், அவருக்கு அங்கே பழைய பிரியங்களும் பழைய கோபங்களும் இருக்கும்.

வகுப்புகளைப் பார்க்கப் போவது பற்றி எழுதியிருந்தீர்கள். உங்கள் சந்தேகம் சரியானது. அமெரிக்காவின் மியாமி-டேட் பள்ளி மாவட்டத்தில் சுமார் நூறு பள்ளிகளின் தலைமையாசிரியர்களை நாள் முழுவதும் பின்தொடர்ந்து செய்த ஆய்வு ஒன்று 2013இல் வந்தது, அதைச் செய்தவர்களில் நான் மேலே சொன்ன கிரிஸமும் ஒருவர். ஆசிரியரோடு உட்கார்ந்து பயிற்றுவிப்பதற்குச் செலவழித்த நேரம் பிள்ளைகளின் முன்னேற்றத்தோடு சேர்ந்து போனது. சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வரும் சுற்றுக்குச் செலவழித்த நேரமோ, குறிப்பாக உயர்நிலைப் பள்ளிகளில், எதிர்த்திசையில் போனது. ஆசிரியர்கள் அதைத் தங்கள் வளர்ச்சிக்கான விஷயமாகப் பார்க்காத பள்ளிகளில் இந்தப் பாதிப்பு கூடுதலாகத் தெரிந்தது. ஆக, தினமும் இரண்டு வகுப்பு என்ற எண்ணிக்கையை விடுங்கள். மேலே கேட்டால், குறைவாக ஆனால் முழுதாகப் பார்க்கிறேன் என்று காரணத்தோடு சொல்லுங்கள். வாரத்துக்கு மூன்று போதும். முந்தின நாளே ஆசிரியரிடம், "நாளைக்கு எதை நான் கவனிச்சா உங்களுக்கு உபயோகமா இருக்கும்?" என்று கேளுங்கள். பாடம் முழுவதும் உட்காருங்கள். அன்றைக்கே பத்து நிமிடம் பேசிவிடுங்கள். அந்த மென்டர் கிடைத்தால் அவரையும், ஆசிரியரின் சம்மதத்தோடு, ஒருமுறை கூட அழைத்துப் போங்கள், வெளியே வந்ததும் இருவரும் பார்த்ததை ஒப்பிட்டுப் பேசுங்கள். ஒரே வகுப்பில் அவர் என்ன பார்த்தார், நீங்கள் என்ன தவறவிட்டீர்கள் என்பது தெரியும். எனக்குத் தெரிந்து இதைவிடச் சிறந்த பயிற்சி வேறில்லை.

அந்த மூத்த ஆசிரியரிடமும் இப்படியே தொடங்கலாம். பின்தங்கியதற்குக் காரணம் என்ன என்று உங்களுக்கு இன்னும் தெரியாது, கடிதத்தில் நீங்கள் அதை எழுதவில்லை. பிள்ளைகள் முந்தைய வகுப்பின் பாடத்திலேயே தடுமாறுகிறார்களா, மாற்று வகுப்புகளில் அவர் பாடவேளை போகிறதா, அவர் உடல்நிலையா? அவருடைய வகுப்பறைக்கே போய், பிள்ளைகள் கிளம்பிய பிறகு, கதவு பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு கேளுங்கள். அவர் உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை, அதைச் சொல்லியே ஆரம்பிக்கலாம். ஆனால் எந்தத் தேதிக்குள் எதுவரை முடியும் என்று ஒரு முடிவு இல்லாமல் எழுந்து வராதீர்கள்.

ஆசிரியர் அறையில் விழும் மௌனத்தை மட்டும் சரிசெய்யப் போகாதீர்கள். அவர்கள் விடுப்பில் கையெழுத்துப் போடுவது நீங்கள்தான், உங்களைப் பற்றியும் அவர்கள் பேசிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். கதவைத் தட்டிவிட்டு உள்ளே போங்கள், வேலை முடிந்ததும் வந்துவிடுங்கள். அந்த அறையில் நீங்கள் இழந்த பேச்சுத்துணை உண்மையான இழப்புதான், அதைத்தான் அந்த ஐந்தாறு பேரிடம் தேடச் சொல்கிறேன்.

திரும்பிப் போய்விடலாமா என்பதை இப்போது முடிவு செய்ய வேண்டாம். ஒரு கல்வியாண்டு முழுதாகச் சுற்றி வரட்டும், இரண்டாவது தடவை வரும்போது பாதி வேலை உங்களுக்கு ஏற்கெனவே பழகியிருக்கும். அதுவரை முடிந்தால் வாரத்தில் இரண்டு பாடவேளை கணிதம் எடுங்கள், உங்களுக்கும் தெம்பாக இருக்கும், ஆசிரியர்கள் சொல்லும் கஷ்டங்களும் நேரடியாகத் தெரியும். முதல் கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்