பில்லில் ஸ்டென்ட் விலையே இல்லை, காப்பீட்டு அட்டையையும் ஏற்கவில்லை: பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

கேள்வி: ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் வேலை செய்கிறேன். போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஆத்தாவுக்கு நெஞ்சுவலி. காரைக்குடியில் முதலுதவி செய்து மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இதய ரத்தக்குழாய் அடைப்பை விரிக்க ஒரு ஸ்டென்ட் (சிறு வலைக் குழாய்) வைத்தார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் காட்டியதற்கு, "ஞாயிற்றுக்கிழமை அப்ரூவல் வராது, பணம் கட்டினால்தான் உள்ளே எடுப்போம்" என்று சொல்லி ஒரு இங்கிலீஷ் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். பில் 2,84,000 ரூபாய். அதில் 'கேத் லேப் பொருட்கள் 1,36,500', 'பார்மசி 41,200' என்று மொத்தமாகப் போட்டிருக்கிறது. பாக்கி 90,000 கட்டினால்தான் டிஸ்சார்ஜ் என்று ஒரு நாள் முழுக்க உட்கார வைத்துவிட்டார்கள். தங்கச்சி நகையை அடகு வைத்துக் கட்டினோம். கேஸ் போட்டால் நிற்குமா? வக்கீல் வைக்க வசதியில்லை.

பதில்:

தம்பி, நிற்கும். ஆனால் எதைச் சொல்லிப் போடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

"அநியாயமாக வாங்கிவிட்டார்கள்" என்று மட்டும் எழுதினால் மனு பலவீனமாகிவிடும். தனியார் ஆஸ்பத்திரி இவ்வளவுதான் வாங்கலாம் என்று பொதுவாக ஒரு விலை எந்தச் சட்டத்திலும் கிடையாது, அது நம் நாட்டில் பெரிய குறை, எனக்கும் அதில் ஆற்றாமை உண்டு. ஆனால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நான்கு அளவுகோல் தருகிறது: சட்டம் நிர்ணயித்த விலை, பொருள் மேல் அச்சிட்ட விலை, விலைப்பட்டியலில் காட்டிய விலை, இரண்டு பேரும் ஒப்புக்கொண்ட விலை. இதில் ஏதாவது ஒன்றைத் தாண்டி வாங்கியிருந்தால் புகார் செல்லும். உங்கள் பில்லில் முதல் இரண்டுமே கைக்குக் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

ஸ்டென்ட்டுக்கு மத்திய அரசின் மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 பிப்ரவரியில் உச்சவரம்பு வைத்தது. மருந்து பூசிய ஸ்டென்ட் அன்றைக்கு 29,600 ரூபாய், மருந்து பூசாதது 7,260. அப்புறம் மொத்த விலைக் குறியீட்டைப் பார்த்து அவ்வப்போது கொஞ்சம் ஏற்றுகிறார்கள், இப்போதும் 40,000-க்குள்தான், வரி தனி. அதே உத்தரவில் இன்னொன்றும் இருக்கிறது: ஸ்டென்ட்டின் விலையை, பிராண்ட் பெயர், கம்பெனி, பேட்ச் எண்ணோடு பில்லில் தனியாகக் காட்ட வேண்டும். அப்படி ஒரு பதிவே உங்கள் பில்லில் இல்லை. பலூன், வயர் மாதிரி மற்ற சாமான்களுக்கு இந்த உச்சவரம்பு கிடையாது, ஆனாலும் பெட்டியில் போட்ட எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. 1,36,500 என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பதை அவிழ்க்க வைப்பதுதான் உங்கள் முதல் வேலை.

எப்படி அவிழ்ப்பது? இரண்டு தாள் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். ஒன்று, பொருள் வாரியாகப் பிரித்த பில். இன்னொன்று கேஸ் ஷீட், அதாவது சிகிச்சைக் குறிப்புகள், முழுவதும். நோயாளியோ அவர் அனுப்பியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுங்குமுறை விதி சொல்கிறது. ஆத்தா பெயரில், அவர் கையெழுத்தோடு, ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். நேரில் போய் ரிசப்ஷனில் கேட்டு அலைய வேண்டாம். கேஸ் ஷீட் வந்ததும் ஆபரேஷன் குறிப்பு இருக்கும் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், ஸ்டென்ட் பெட்டியிலிருந்து உரித்த ஸ்டிக்கரை வழக்கமாக அங்கே ஒட்டியிருப்பார்கள். கம்பெனி, அளவு, பேட்ச் எண் எல்லாம் அதில் இருக்கும். அந்த ஒரு ஸ்டிக்கர் பத்துப் பக்க மனுவை விடப் பெரிது. கேட்டும் தரவில்லையா, அதுவே தனியாக ஒரு சேவைக் குறைபாடு, தபால் ரசீதை பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது காப்பீட்டு அட்டை. இங்கே ஒரு விஷயத்தை முதலில் உறுதி செய்யுங்கள்: அந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறதா, இதய சிகிச்சைக்கு இருக்கிறதா? 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்டால் சொல்வார்கள். பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரி அட்டையை மறுத்தால் அதைக் குற்றம் சொல்ல முடியாது. பட்டியலில் இருந்தால் கதையே வேறு. ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை பணம் வாங்காமல் பார்க்க ஒப்புக்கொண்டுதான் அவர்கள் திட்டத்துக்குள் வந்திருக்கிறார்கள், மாரடைப்பு கிழமை பார்த்து வருவதில்லை, அவசர சிகிச்சைக்கு அனுமதி வாங்கவும் வழி வைத்திருக்கிறார்கள். அப்படியானால் அந்த எண்ணில் புகார் பதிந்து எண் வாங்கிக்கொள்ளுங்கள், கூடவே மதுரை மாவட்ட ஆட்சியருக்கும் ஒரு மனு, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தாலும் சரி, தபாலில் அனுப்பினாலும் சரி.

அந்த இங்கிலீஷ் தாள் உங்களுக்குப் பாதகம்தான், மறைக்க மாட்டேன். 'சொந்தச் செலவில் பார்த்துக்கொள்கிறோம்' என்று அதில் இருக்கும், எதிர்த்தரப்பு முதலில் நீட்டப் போவதும் அதுதான். ஆனால் நெஞ்சுவலியோடு ஸ்ட்ரெச்சரில் கிடக்கிற தாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, படிக்கத் தெரியாத மொழியில் போட்ட கையெழுத்து, யோசித்துக் கொடுத்த சம்மதம் ஆகாது என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது. உயிருக்கு ஆபத்தோடு வருபவருக்கு உடனே சிகிச்சை தருவது அரசு, தனியார் என்ற பேதமில்லாமல் ஒவ்வொரு டாக்டரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. அன்று ராத்திரி நடந்ததை நேரம், யார் என்ன சொன்னார்கள், யார் கூட இருந்தார்கள் என்று மறப்பதற்குள் எழுதி வையுங்கள்.

பாக்கிக்காக உட்கார வைத்தது தப்பு, சந்தேகமே வேண்டாம். பாக்கி இருந்தால் அவர்கள் சட்டப்படி வசூலிக்கலாம், ஆளைப் பிடித்து வைக்கக் கூடாது. நோயாளி உரிமைச் சாசனமும் பில் தகராறுக்காக டிஸ்சார்ஜை நிறுத்தக் கூடாது என்கிறது. உங்கள் ஊரில் இனி யாருக்காவது இப்படி நடந்தால் உடனே 112-க்கு அடிக்கச் சொல்லுங்கள், போலீஸ் பேசினாலே பெரும்பாலும் கதவு திறந்துவிடும்.

இப்போது வழக்கு. ஆஸ்பத்திரி மதுரையில் இருந்தாலும் நீங்கள் மதுரைக்கு அலைய வேண்டியதில்லை. குடியிருக்கும் இடத்திலேயே போடலாம் என்று 2019 சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள், ஆகவே சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை, நீங்களே பேசலாம். நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். காசு வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, புதுச் சட்டம் வந்ததும் டாக்டர்கள் தரப்பில் அதிலிருந்து வெளியே வரப் பார்த்தார்கள், 2022-ல் அதுவும் எடுபடவில்லை. கால வரம்பு 2 வருடம். சட்டத்தில் 3 முதல் 5 மாதத்துக்குள் முடிக்கச் சொல்லியிருந்தாலும் நடைமுறையில் இழுக்கும், பொறுமை வேண்டும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். சிகிச்சையே தப்பு என்று கோபத்தில் சேர்த்து எழுதிவிடாதீர்கள். டாக்டர் வைத்தியத்தைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது, ஆத்தாவும் பிழைத்துவிட்டார். வைத்தியத்தில் கவனக்குறைவு என்றால் நிபுணர் கருத்து வேண்டும், வழக்கு வருடக்கணக்கில் நீளும். உங்கள் புகார் பில், அட்டை, டிஸ்சார்ஜ் இந்த மூன்றோடு நிற்கட்டும், மூன்றுக்கும் காகிதமே சாட்சி சொல்லும். கேட்க வேண்டியது: கூடுதலாக வாங்கிய தொகை, அதற்கு வட்டி, மன உளைச்சலுக்கு ஈடு, வழக்குச் செலவு. நகை அடகு ரசீதையும் இணையுங்கள்.

நோட்டீஸ் போனதும் ஆஸ்பத்திரியிலிருந்து "பேசி முடிச்சுக்கலாம்" என்று போன் வரலாம். பேசுங்கள், தப்பில்லை. ஆனால் தொகை வங்கிக் கணக்கில் ஏறிய பிறகுதான் 'இனி புகார் இல்லை' என்ற தாளில் கையெழுத்து, அதுவும் தமிழில் எழுதச் சொல்லி, படித்துப் பார்த்துவிட்டு.

இதெல்லாம் நடக்கிற வரை ஆத்தாவின் மாத்திரையைப் பணத்துக்காக நிறுத்திவிடாதீர்கள், ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை டாக்டர் சொல்லாமல் விட்டால் ஆபத்து. வெளியே வாங்கக் கஷ்டமாக இருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியோடு காரைக்குடி அரசு ஆஸ்பத்திரியில் காட்டி அங்கே இலவசமாகக் கேளுங்கள், அங்கே இல்லாததை முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ ஜெனரிக் பெயரில் கேட்டால் விலை நிறையக் குறையும்.