2எல் ஹைலக்ஸுக்கு மாற்று எஞ்சின் எது?

பழைய டொயோட்டா ஹைலக்ஸின் 2எல் டீசல் எஞ்சின் போய்விட்டது, டொயோட்டாவின் டர்போ டீசல் எஞ்சினான 1கேஸெட்-டிஈ போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், 5எல் தேடுங்கள். 2எல்லும் 5எல்லும் ஒரே எஞ்சின் குடும்பம் என்பதால் மவுண்டிலும் கியர்பொக்ஸிலும் பெரிய வெட்டு ஒட்டு வராது. 2,446 சிசி இருந்த இடத்தில் 2,986 சிசி. டர்போ இல்லாமலே ஏற்றத்தில் இழுவை தெரியும். 1கேஸெட்-டிஈக்கு கம்ப்யூட்டரும் வயரிங்கும் முழுதாக வேண்டும், அதில் ஒன்று குறைந்தாலும் காசு கரையும். 5எல்லின் இன்னொரு வகையான 5எல்-ஈயும் எலெக்ட்ரோனிக் பம்ப்தான், தவிருங்கள்.

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் வாங்குமுன் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் போங்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதுதான் உண்மையைச் சொல்லும். ஓடும்போது ஒயில் மூடியைத் திறந்தால் புகை உந்தி வருகிறதா? பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கலாம், விட்டுவிடுங்கள். எஞ்சின் இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டு இல்லாமல் காசு கொடுக்கவே வேண்டாம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் புதிய இலக்கத்தைப் பதிய வேண்டும்.