முள்கம்பி வேலி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒரு ஏக்கருக்குக் கல்லுக்கால் நட்டு ஐந்து வரி முள்கம்பி இழுத்தோம். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் கம்பி தொய்ந்துவிட்டது. பக்கத்து ஏக்கருக்கும் வேலி போட வேண்டும். கால், கம்பி எவ்வளவு வாங்குவது?
– வாசகர், ஓமலூர்

பதில்: கம்பியை மறுபடி இழுப்பதற்கு முன் மூலைக்காலைப் பாருங்கள். அநேகமாக அது உள்பக்கம் சாய்ந்திருக்கும். ஐந்து வரியும் இரண்டு திசையிலிருந்து அந்த ஒரே காலைத்தான் இழுக்கின்றன. அது இரண்டு அங்குலம் நகர்ந்தாலே எல்லா வரியும் தளர்ந்துவிடும். கல் எவ்வளவு பாரம் வேண்டுமானாலும் சுமக்கும், பக்கவாட்டு இழுப்பைத் தாங்காது. எனவே ஒவ்வொரு மூலைக்கும் கம்பி ஓடும் வரிசையிலேயே இரண்டு உதைகால் (சாய்வாக முட்டுக் கொடுக்கும் கால்) வேண்டும். உதைகாலின் தலை, தரைக்கு மேலுள்ள உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கில் முட்ட வேண்டும். அதன் அடியை வெறும் மண்ணில் ஊன்றினால் மழையில் வழுக்கிவிடும். பின்னால் பலகைக் கல் கொடுத்து கான்கிரீட் போடுங்கள். நேர்வரிசையிலும் 100 அடிக்கு ஒரு காலுக்கு இருபுறமும் உதைகால் கொடுப்பது அவசியம். செலவைக் குறைக்க இதைத்தான் முதலில் விடுகிறார்கள், அதனால்தான் வேலி கெடுகிறது.

அடுத்த காரணம் அவசரம். கான்கிரீட் போட்டு ஒரு வாரம் தண்ணீர் விட்ட பிறகே கம்பியை முறுக்க வேண்டும்.

சதுரமான ஏக்கருக்குச் சுற்றளவு சுமார் 835 அடி. அதே ஏக்கர் 100 அடிக்கு 436 அடி என்று நீளவாக்கில் இருந்தால் 1,070 அடியைத் தாண்டும். அதனால் சர்வேயரை வைத்து அளந்து, அத்துக்கல்லை (எல்லைக் கல்லை) உறுதிசெய்த பிறகு கணக்குப் போடுங்கள். சதுர நிலத்துக்கு 10 அடிக்கு ஒன்றாக 84 கால், உதைகால் 16, கேட்டுக்குத் தடித்த கால் 2. ஏழடிக் கால் என்றால் 2 அடி மண்ணுக்குள். ஒரு அடிச் சதுரக் குழிக்கு 1:3:6 கலவையில் (சிமென்ட், மணல், ஜல்லி), ஒன்றரை அங்குல ஜல்லி போட்டால், ஒரு மூட்டை சிமென்ட் 5 குழிக்கு வரும்.

12 கேஜ் முள்கம்பி கிலோவுக்கு ஏறக்குறைய 31 அடி வரும் (கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும்). ஐந்து வரிக்குச் சேதாரத்தோடு 140 கிலோ பிடிக்கும். 14 கேஜ் என்றால் 95 கிலோ போதும், ஆனால் மாடு உரசும் இடத்தில் அது நிற்காது. முள் இடைவெளியைப் பொறுத்து எடை மாறும், கடையில் ஒரு கிலோவுக்கு எத்தனை அடி என்று கேட்டு வாங்குங்கள். ஆடு நுழையும் நிலமானால் அடியில் மூன்று வரியை 6 அங்குல இடைவெளியில் கட்டி, மொத்தம் ஏழு வரியாக்குங்கள்.

கேள்வி: காபித் தோட்டம் சரிவில் இருக்கிறது. சில்வர் ஓக் மரங்களிலேயே கம்பியை அடித்துவிடலாமா?
– வாசகி, ஏற்காடு

பதில்: அடிக்கலாம், சுற்றிக் கட்டக் கூடாது. மரம் பருக்கும்போது கம்பி பட்டைக்குள் புதைந்து மரத்தை இறுக்கும். பின்னால் மரம் அறுக்கும்போது ரம்பம் கம்பியில் பட்டு ஆளுக்கே ஆபத்து. முதலில் ஒரு ரீப்பரை (மரச்சட்டத்தை) மரத்தில் ஆணியடித்து, அதன் மேல் யு ஆணியால் கம்பியைப் பிடியுங்கள். யு ஆணியை முழுக்க இறக்காமல், கம்பி நகரும் அளவு விட்டுவிட வேண்டும்.

சரிவில் நடும் கால் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்க வேண்டும், சரிவுக்கு நேராக அல்ல. மேட்டில் உள்ள காலைக் கம்பி கீழே அழுத்தும். பள்ளத்தில் உள்ள காலையோ மேலே பிடுங்கும். பள்ளத்துக் குழியை மட்டும் 3 அடி ஆழம் எடுத்து, வாயைவிட அடியை அகலமாக வெட்டி கான்கிரீட் நிரப்புங்கள். மலையில் பனியும் ஈரமும் அதிகம் என்பதால் துத்தநாகப் பூச்சு கனமான கம்பியையே வாங்குங்கள். வெட்டிய முனைகளில் துத்தநாக பெயின்ட் தடவுங்கள். காட்டெருமையை மட்டும் எந்த முள்கம்பியும் நிறுத்தாது.

கேள்வி: பன்றித் தொல்லை தாங்கவில்லை. வேலியில் கரண்ட் கொடுக்கலாமா?
– வாசகர், வாழப்பாடி

பதில்: வீட்டு லைனிலிருந்து கொடுக்கவே கூடாது. 230 வோல்ட் விடாமல் பாயும்போது தசை இறுகி, தொட்டவர் கையை எடுக்க முடியாது. இரவில் தண்ணீர் கட்டப் போகிறவர்தான் சாவார். அது குற்றமும்கூட. சூரிய மின்வேலிக் கருவி, நொடிக்கு ஒருமுறை கண நேரத் துடிப்பு மட்டுமே அனுப்பும். அதையும் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி வனத்துறையிடம் பதிவு செய்தே போட வேண்டும்.

பன்றி பெரும்பாலும் தாண்டாது, அடியில் மூக்கைக் கொடுத்துத் தூக்கும். ஆகவே செயின்லிங்க் வலையை ஒரு அடி மண்ணுக்குள் புதையுங்கள். பாறை தட்டினால் வலையின் அடியை வெளிப்புறமாக 2 அடி தரையில் விரித்து, மேலே கல் அடுக்குங்கள்.