ராணுவ வீரரின் மனைவிக்கு ஆவணம் இல்லையென்றால் கிரீன் கார்டு கிடைக்குமா?

கணவர் அமெரிக்க ராணுவத்தில் இருக்கும் குடிமகன், மனைவி விசா இல்லாமல் எல்லை தாண்டி வந்தவர் என்று கேட்டிருக்கிறீர்கள். வழி உண்டு. ஆனால் திருமணம் மட்டும் போதாது.

முறையான அனுமதி இல்லாமல் நுழைந்தவர் பொதுவாக அமெரிக்காவில் இருந்தபடியே கிரீன் கார்டு வாங்க முடியாது. சரி, சொந்த நாட்டுக்குப் போய்த் தூதரகம் வழியாக வரலாமே என்றால், ஓராண்டுக்கு மேல் ஆவணமின்றித் தங்கியவர் வெளியேறியதுமே, மீண்டும் நுழைய 10 ஆண்டுத் தடை வந்துவிடும்.

இந்தச் சிக்கலுக்குத்தான் 'பரோல் இன் பிளேஸ்', அதாவது ஏற்கெனவே நாட்டுக்குள் இருப்பவருக்குக் குடியேற்றத் துறை தரும் தற்காலிக அனுமதி. நாட்டை விட்டுப் போகாமலேயே பரோலில் நுழைந்தவராகக் கருதப்படுவார். அப்புறம் உள்ளிருந்தே விண்ணப்பிக்கலாம். 2013 நவம்பரில் இதற்குத் தெளிவான விதிகள் வந்தன. பணியில் இருப்பவர், ரிசர்வ் படையினர், முன்னாள் வீரர் ஆகியோரின் கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள் ஐ-131 படிவத்தில் கேட்கலாம், உடன்பிறந்தவர்களுக்கு இடமில்லை. ஓராண்டு வீதம் தருவார்கள். தருவதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பம்.

விசாவில் வந்து காலம் கடந்து தங்கியவருக்கு இது தேவையே இல்லை, அவர் ஏற்கெனவே முறையாக நுழைந்தவர்.

நாடுகடத்தப்பட்டு மறுபடி ரகசியமாக வந்தவர் என்றால் வழக்கறிஞரைப் பார்க்காமல் எதையும் அனுப்பாதீர்கள். ராணுவ முகாமின் சட்ட உதவி அலுவலகத்தில் முதலில் விசாரிக்கலாம், அங்கே கட்டணம் கிடையாது.