கணக்கு எங்கே உதைக்கிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டு வரவு செலவு பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று போன இதழில் ஒரு வரிதான் போட்டோம். வந்து குவிந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் இடமில்லை, திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன். ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் வருமானமும் விலைவாசியும் மாறும் என்பதால், உதாரணம் சொல்லும் இடங்களில் மாத வருமானத்தை 100 என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் தொகைக்கு நீங்களே மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று வருஷமாக ஒரு நாள் விடாமல் கணக்கு எழுதுகிறேன். பேனா வாங்கியது வரைக்கும் நோட்டில் இருக்கிறது. ஆனாலும் மாதக் கடைசியில் யாரிடமாவது கைமாத்து வாங்க வேண்டியிருக்கிறது. எழுதி என்ன பிரயோஜனம்?

நோட்டின் சில பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருந்தீர்கள், பார்த்தேன். இவ்வளவு ஒழுங்காக எழுதுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை, நிஜமாகவே. ஆனால் அந்தப் பக்கங்களில் இருப்பதெல்லாம் போன பணம். போகும் முன்னால் எழுதிய வரி ஒன்றுகூட இல்லை. மாதம் பிறக்கும் முன்பே ஒவ்வொரு தலைப்புக்கும் இவ்வளவு என்று ஒரு தொகை எழுதி, பக்கத்தில் ஆன செலவை எழுதி, மூன்றாவது கட்டத்தில் வித்தியாசத்தைப் போட வேண்டும். அந்த மூன்றாவது கட்டம்தான் உங்களோடு பேசும். மற்ற இரண்டும் சும்மா எண்கள்.

இது ஒன்று. இதைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று இருக்கிறது. நீங்கள் அனுப்பிய பக்கங்களில் மூன்று இடத்தில் ஓரத்தில் ஒரு குறிப்பு: "இந்த மாதம் மட்டும் கூடுதல்." ஒரு மாதம் காப்பீட்டுத் தவணை, இன்னொரு மாதம் பிள்ளையின் கல்விக் கட்டணம், அடுத்து வண்டி பழுது. நானும் ரொம்ப நாள் இப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு வருஷக் கடைசியில் சும்மா உட்கார்ந்து புரட்டிப் பார்த்தால் 12 மாதத்தில் 10 மாதம் "இந்த மாதம் மட்டும்" ஆகியிருந்தது! சாதாரண மாதம் என்று ஒன்று வரும், அப்போது மிச்சம் பிடித்துவிடலாம் என்று காத்திருந்தேன் பாருங்கள், அது வரவே இல்லை.

அதனால் முதலில் மாத பட்ஜெட்டை மறந்துவிட்டு, மூன்று வருஷ நோட்டையும் வைத்துக்கொண்டு வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை மட்டும் வரும் செலவுகளை ஒரு தாளில் எழுதுங்கள். காப்பீடு 36, கல்விக் கட்டணம் 60, வண்டிப் பராமரிப்பு 12, விசேஷங்களும் பரிசுகளும் 30, வீட்டில் உடைவதும் பழுதாவதும் 18, துணிமணி 24 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 180. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 15. ஆக, உங்கள் 100-ல் 15 உங்களுடையது இல்லை, ஏற்கெனவே செலவாகிவிட்டது, பில் மட்டும்தான் இன்னும் வரவில்லை. சம்பளம் வந்த அன்றே அந்தப் பதினைந்தை வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். கல்விக் கட்டணம் வரும் மாதத்தில் அதிலிருந்து எடுத்துக் கட்டினால் அந்த மாதமும் மற்ற மாதம் போலவே ஓடும்.

முதல் வருஷம் மட்டும் கொஞ்சம் கையைக் கடிக்கும், இதையும் சொல்லிவிடுகிறேன். கல்விக் கட்டணத்துக்கு இன்னும் 5 மாதம்தான் இருக்கிறது என்றால் அதற்கு மாதம் 5 வைத்தால் போதாது, 12 வைக்க வேண்டும். ஒரு தடவை கட்டி முடித்த பிறகுதான் மாதம் 5 என்ற சரியான ஓட்டத்துக்கு வரும். பாதி வழியில் "இது நமக்கு ஒத்துவராது" என்று விட்டுவிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் விடுகிறார்கள்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். மளிகைக்கு வாரம் இவ்வளவு, அதை நாலால் பெருக்கி மாதத்துக்கு இவ்வளவு என்று போட்டிருக்கிறீர்கள். வருஷத்துக்கு 52 வாரம், 12 மாதம். நாலு வாரம் என்று போட்டால் 48 வாரத்துக்குத்தான் பணம் ஒதுக்கியிருக்கிறீர்கள், மிச்ச 4 வாரம் எதையாவது கடித்துத்தான் சாப்பிட வேண்டும். வாரச் செலவை 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்துப் போடுங்கள்.

வருமானத்தில் 50 சதவீதம் தேவைக்கு, 30 சதவீதம் விருப்பத்துக்கு, 20 சதவீதம் சேமிப்புக்கு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் தேவைக்கே 70 போகிறது. நாங்கள் தப்பு செய்கிறோமா?

இல்லை. இந்த 50-30-20 கணக்கு 2005-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு புத்தகத்தின் வழியாகப் பரவியது. வரி போக கையில் வரும் தொகைக்குத்தான் அதுவும். எல்லா வீட்டுக்கும் பொருந்தும் அளவுகோலாக அதை எடுத்துக்கொண்டு மனசு நோக வேண்டியதில்லை. வருமானம் குறையக் குறைய, அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு கூடும் என்று ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் ஏங்கல் 1857-லேயே குடும்ப வரவு செலவுகளை வைத்துக் காட்டியிருக்கிறார். சின்ன வருமானத்தில் தேவையே 70, 75 என்று நிற்பது இயற்கை, அதில் உங்கள் ஊதாரித்தனம் எதுவும் இல்லை.

உங்கள் 70-ல் வாடகையும் கடன் தவணையும் மட்டும் எவ்வளவு என்று தனியாகப் பாருங்கள். பால் பாக்கெட்டில் மிச்சம் பிடிப்பது பற்றி ஊரெல்லாம் பேசும், ஆனால் வாடகை, தவணை போன்ற பெரிய உருப்படிகளில் ஒரு தடவை எடுக்கும் முடிவு அடுத்த பல வருஷத்து மாதக் கணக்கைத் தீர்மானித்துவிடும். சேமிப்பு 20 வரவில்லையென்றால் 3 வரட்டும். மாத ஆரம்பத்திலேயே எடுத்து வைத்த மூன்று, கடைசியில் மிச்சமாகும் என்று நம்பியிருந்த இருபதைவிட நிச்சயமாக இருக்கும்.

நான் சுயதொழில் செய்கிறேன். ஒரு மாதம் கொட்டும், ஒரு மாதம் காயும். எனக்கெல்லாம் எப்படி பட்ஜெட் போடுவது?

உங்களுக்குத்தான் மாதச் சம்பளக்காரரைவிட பட்ஜெட் அதிகம் தேவை, ஆனால் போடும் விதம் வேறு. தொழில் பணமும் வீட்டுப் பணமும் ஒரே கணக்கில் கிடந்தால் அதை முதலில் பிரியுங்கள். பிரித்த பிறகு, தொழிலிலிருந்து உங்களுக்கு நீங்களே மாதச் சம்பளம் கொடுத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு என்பதுதான் கேள்வி. போன வருஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செலவும் வரியும் போக 6 மாதம் 130 வந்தது, 4 மாதம் 90, 2 மாதம் வெறும் 40 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,220, சராசரி 100-க்குக் கொஞ்சம் மேல். சராசரி நூறு என்றால் நூறே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம், 90 எடுங்கள். 130 வந்த மாதங்களில் நாற்பது நாற்பதாக 240 ஒதுங்கும். காய்ந்த இரண்டு மாதத்திலும் ஐம்பது ஐம்பதாக 100 அதிலிருந்து எடுப்பீர்கள். வருஷக் கடைசியில் 140 மிஞ்சும், அடுத்த வருஷம் மோசமாக இருந்தால் அது தாங்கும்.

ஒரே சிக்கல், காய்ந்த மாதம் முதலிலேயே வந்துவிட்டால்? எடுக்க ஒன்றும் இருக்காது. அதனால் இந்த முறையை ஒரு நல்ல மாதத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும், குறைந்தது இரண்டு காய்ந்த மாதத்தின் துண்டை, அதாவது அந்த 100-ஐ, சேர்த்த பிறகுதான் சம்பளம் என்ற பேச்சு. அதுவரை நல்ல மாதத்திலும் சுமாரான மாதச் செலவோடு இருப்பது கஷ்டம்தான், மறுக்கவில்லை.

கிரெடிட் கார்டில் வாங்கியதை எப்போது செலவாக எழுதுவது? வாங்கிய அன்றா, பில் கட்டிய அன்றா?

வாங்கிய அன்று. அன்றே அந்தத் தலைப்பில் கழித்துவிடுங்கள், அதே தொகையைக் கார்டுக்கு என்று ஒதுக்கியும் வையுங்கள். பில் கட்டுவது செலவு இல்லை, ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் பணம் மாறுவது மட்டும்தான். இரண்டையும் செலவாக எழுதினால் ஒரே பொருளை இரண்டு தடவை வாங்கியதாகக் கணக்கு சொல்லும். பில் கட்டும் நாளில் மட்டும் எழுதினாலோ போன மாத ஆசைகளுக்கு இந்த மாத பட்ஜெட் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்.

கார்டே வேண்டாம் என்று சொல்லும் கட்சி இல்லை நான். ஆனால் கார்டு கையில் இருக்கும்போது விலையின் கனம் குறைந்து தெரிகிறது என்பது உண்மை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ட்ராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், விளையாட்டுப் போட்டி டிக்கெட்டுகளை நிஜமாகவே ஏலம் விட்டுப் பார்த்தார்கள். ரொக்கம் தர வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களைவிட, கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டார்கள். அதனால் எந்தத் தலைப்பில் மாதாமாதம் துண்டு விழுகிறதோ அதற்கு மட்டும் ரொக்கம் எடுத்து ஒரு கவரில் போட்டுச் செலவு செய்து பாருங்கள். கவர் மெலிவது கண்ணுக்குத் தெரியும்.

குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிக்கொண்டு வருகிறேன் என்று கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதுதான் முதல் வரியாக வந்திருக்க வேண்டும்! மாதம் 3 சதவீத வட்டி என்றால் 12-ஆல் பெருக்கி 36 என்று நினைப்போம். வட்டிக்கு வட்டி சேர்ந்தால் வருஷத்துக்கு 42-ஐத் தாண்டும். உங்கள் சேமிப்பு எதுவும் அவ்வளவு வட்டி சம்பாதிக்காது. அவசரத்துக்குக் கொஞ்சம் கையில் வைத்துக்கொண்டு, மற்றச் சேமிப்பை நிறுத்தியாவது அதை முதலில் அடைத்துவிடுங்கள்.

"இதர செலவு" என்ற தலைப்பில்தான் எங்கள் வீட்டில் எல்லாப் பணமும் போகிறது. என்ன செய்ய?

அந்தத் தலைப்புக்கு ஒரு வரம்பு போடுங்கள், மொத்தத்தில் 5 சதவீதம். தாண்டினால் பிரித்துப் பாருங்கள், உள்ளே ஏதோ ஒரு பழக்கம் பெயர் இல்லாமல் உட்கார்ந்திருக்கும். அதற்காக முப்பது தலைப்பு வைக்காதீர்கள். பத்து பன்னிரண்டுக்கு மேல் போனால் எழுதுகிறவருக்கே எதை எதில் போடுவது என்று தெரியாமல் போய், திரும்பவும் "இதர" வந்துவிடும்.

என் கணவர் கணக்கு எழுதவே மாட்டார். கேட்டால் "எல்லாத்துக்கும் உன்கிட்ட கணக்கு காட்டணுமா?" என்று சண்டை. நான் மட்டும் எழுதி என்ன ஆகப்போகிறது?

சகோதரி, கோபித்துக்கொள்ளாதீர்கள், அவர் கேட்பதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஒருவர் எழுதி இன்னொருவர் பதில் சொல்லும் ஏற்பாடு எந்த வீட்டிலும் ரொம்ப நாள் ஓடாது, அது விசாரணை மாதிரி ஆகிவிடும். உங்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு கைச்செலவுத் தொகை ஒதுக்குங்கள், ஒரே அளவில். அது எங்கே போனது என்று அவரும் கேட்கக் கூடாது, நீங்களும் கேட்கக் கூடாது, நோட்டில் ஒரே வரியாக எழுதினால் போதும். அவர் வீட்டுக்காகச் செய்யும் செலவை மட்டும் போனில் ஒரு செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள், தொகையும் ஒரு வார்த்தையும். எழுதுவது உங்கள் வேலை.

ஆனால் மாத ஆரம்பத்தில் தொகை ஒதுக்கும்போது அவர் பக்கத்தில் உட்கார வேண்டும், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அரை மணி நேரம் போதும். தானும் சேர்ந்து போட்ட எண்ணை மீறும்போது மனிதர்களுக்குக் கொஞ்சம் கூச்சம் வரும், அடுத்தவர் போட்ட எண்ணை மீறும்போது வராது. பிள்ளைகள் வளர்ந்தவர்களாக இருந்தால் அவர்களும் இருக்கட்டும்.

நோட்டா, செயலியா, எக்செலா?

எது கைக்கு வருகிறதோ அது. ஜப்பானில் ஹனி மோட்டோகோ என்ற பத்திரிகையாளர் 1904-ல் இல்லத்தரசிகளுக்காகக் கொண்டுவந்த காகெய்போ என்ற கணக்கு நோட்டு முறையை இன்றைக்கும் கையால் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். செயலியின் வசதி, செலவைத் தானாகவே இழுத்துப் போட்டுக்கொள்ளும். அதன் குறையும் அதேதான், நீங்கள் பார்க்காமலே அது எழுதிவிடும். எனக்கு எக்செல் பிடிக்கும், தேதி, தலைப்பு, தொகை என்று மூன்று கட்டம், சம்இஃப் என்ற ஒரே சூத்திரம், தலைப்புவாரியாகக் கூட்டிக் கொடுத்துவிடும்.

எனக்கு மாதம் 25-ம் தேதி சம்பளம். கணக்கை 1-ம் தேதி தொடங்குவதா?

25-லேயே தொடங்குங்கள், 24-ல் முடியுங்கள். காலண்டரைப் பார்த்து ஒன்றாம் தேதி வரைக்கும் காத்திருந்தால், புதுப் பணம் கையில் இருக்கும் அந்த ஆறேழு நாள் எந்தக் கணக்கிலும் சேராமல் கழியும். தாராளமாகச் செலவாகும் நாட்களும் அவைதான்.