ஐலன் டோனன் கோட்டை உண்மையிலேயே பழங்காலக் கோட்டையா? அது எந்தக் குடும்பத்தினுடையது?

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரம் உள்ள அந்தச் சிறு தீவில் கோட்டை எழுந்தது 13ஆம் நூற்றாண்டில். ஆனால் நாள்காட்டிகளில் நாம் பார்க்கும் கட்டடம் 1932இல்தான் கட்டி முடிக்கப்பட்டது. இடையில் 200 ஆண்டுகள் அங்கே இடிந்த சுவர்களே நின்றன. இதைத் தெரிந்துகொண்டதும் 'போலி' என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

கோட்டை மெக்கன்சி குலத் தலைவர்களுடையது. காத்து நின்றவர்கள் மெக்ரே குடும்பத்தார். 'மெக்கன்சியின் இரும்புச் சட்டை' என்றே அவர்களுக்குப் பெயர். 1539இல் மெக்டொனால்ட் குலத் தலைவர் டொனால்ட் கோர்ம் படையெடுத்து வந்தபோது உள்ளே இருந்தவர்கள் மிகச் சிலர். டங்கன் மெக்ரே எய்த கடைசி அம்பு டொனால்டின் காலில் பாய்ந்தது. ஆத்திரத்தில் அவர் அதைப் பிடுங்க, ரத்தக்குழாய் அறுந்து இறந்தார் என்று குலத்தார் சொல்லிவருகிறார்கள்.

அழிவு 1719 மே மாதம் வந்தது. ஸ்டூவர்ட் வம்சத்தை மீண்டும் அரியணையேற்றக் கிளம்பிய ஜேக்கபைட்டுகளுக்கு ஸ்பெயின் உதவியது. கோட்டைக் காவலுக்கு இருந்த ஸ்பானிய வீரர்கள் ஐம்பது பேர்கூட இல்லை. பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் கரையருகே வந்து குண்டு பொழிந்தன. தடித்த சுவர்கள் அதைத் தாங்கின. ஆனால் கடற்படையினர் உள்ளே புகுந்து, அங்கிருந்த 343 பீப்பாய் வெடிமருந்தில் ஒரு பகுதியைக் கொண்டே கோட்டையைத் தகர்த்துவிட்டார்கள்.

கோட்டை போனபின் மெக்ரேக்கள் என்ன ஆனார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. 1778இல் மெக்கன்சி குலத் தலைவர் திரட்டிய படைப்பிரிவில் ஏராளமானோர் சேர்ந்தார்கள். தங்களைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டதாகப் பேச்சு பரவியது, சம்பளமும் பாக்கி. கப்பலேற மறுத்து எடின்பரோவின் ஆர்தர்ஸ் சீட் குன்றில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். சமாதானம் பேசி இறக்கினார்கள். மூன்றே ஆண்டுகளில் அதே படை இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது. 1782இல் சென்னையை அடையும் முன்பே இருநூறுக்கும் மேற்பட்டோர் ஸ்கர்வி நோயால் கடலில் மாண்டிருந்தார்கள். அந்தச் சந்தேகம் வீண் சந்தேகம் அல்ல என்றே நான் நினைக்கிறேன்.

1911இல் ஜான் மெக்ரே கில்ஸ்ட்ராப் என்ற ராணுவ அதிகாரி அந்தத் தீவை விலைக்கு வாங்கினார். காவல்காரக் குடும்பம் முதன்முறையாக உரிமையாளரானது. கட்டுமானத்தை முன்னின்று நடத்தியவரும் ஒரு மெக்ரேதான், ஃபார்குஹார் மெக்ரே. வேலை இருபது ஆண்டுகள் நீடித்தது. படங்களில் அழகாகத் தெரியும் அந்தக் கல்பாலமும் அப்போது கட்டியதே.

நான் போன அன்று விடாத மழை. சுவரோரம் முதல் உலகப் போரில் இறந்த மெக்ரேக்களின் நினைவுச்சின்னம் இருக்கிறது. கோட்டைக்குள் நுழையும் முன் அங்கேதான் வெகுநேரம் நின்றேன்.