ஸ்வீடனின் வாளும் பேரேடும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

1520 முதல் 1792 வரையிலான ஸ்வீடன் வரலாறு குறித்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துவிட்டேன். பெரும்பாலானோர் போர்க்களங்களைப் பற்றியே கேட்டிருந்தீர்கள். நான் வரிக்கணக்கும் ஆட்கணக்கும் எழுதிய குமாஸ்தாக்களின் பக்கம் சாய்பவன். பதில்களில் அந்தச் சாய்வு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வணக்கம் ஐயா. ஸ்டாக்ஹோம் படுகொலையிலிருந்துதான் தனி ஸ்வீடனின் கதை தொடங்குகிறது என்று படித்தேன். அங்கே என்ன நடந்தது?

டென்மார்க், நார்வே, ஸ்வீடன் மூன்றும் 1397 முதல் ஒரே மகுடத்தின் கீழ் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஸ்வீடன் அடிக்கடி முரண்டு பிடித்தது. 1520-ல் டென்மார்க் அரசன் இரண்டாம் கிறிஸ்டியன் அதைப் போரில் வென்று, பழைய பகையை மறப்பதாக வாக்களித்து, நவம்பர் 4-ல் ஸ்டாக்ஹோமில் முடிசூடினான். மூன்று நாள் விருந்து நடந்தது. பிறகு கோட்டைக் கதவுகள் மூடப்பட்டன. பேராயர் குஸ்தாவ் துரொல்லே தம் எதிரிகள்மீது மத விரோதக் குற்றச்சாட்டை வாசித்தார். சூழ்ச்சி அங்கேதான் இருக்கிறது: அரசியல் குற்றத்தை மன்னிப்பதாகத்தான் அரசன் வாக்குக் கொடுத்திருந்தான், மதக் குற்றத்தை மன்னிக்க அவனுக்கு அதிகாரம் இல்லையாம்! நகரின் பெரிய சதுக்கத்தில் ஏறத்தாழ 80 முதல் 100 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஆயர்கள் இருவர்.

தலை இழந்தவர்களில் ஒருவரின் மகன் குஸ்தாவ் எரிக்சன். பிற்காலம் குஸ்தாவ் வாசா என்று அழைப்பது இவரைத்தான். டாலர்னா பகுதியின் உழவர்களையும் சுரங்கத் தொழிலாளரையும் திரட்டி, லூபெக் நகர வணிகர்களிடம் கப்பலும் கடனும் வாங்கிப் போரிட்டு, 1523 ஜூன் 6-ல் அரசரானார். இதுவரை பாடநூல் கதை. எனக்குச் சுவையானது அதற்குப் பின் வந்த கடன்தான். லூபெக்குக்குத் திருப்பிக் கொடுக்கப் பணம் இல்லை, பணம் இருந்ததோ திருச்சபையிடம். 1527-ல் வெஸ்டரோஸ் நகரில் கூடிய நாட்டுச் சபையில் திருச்சபைச் சொத்தின்மீது கைவைத்தார். ஸ்வீடனில் மதச் சீர்திருத்தம் வேகம் பிடித்ததில் லூதரின் இறையியலுக்கு எவ்வளவு பங்கோ, லூபெக்கின் வட்டிக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பேன். 1531-ல் ஒவ்வொரு பங்கும் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) ஒரு தேவாலய மணி கொடுக்க வேண்டும் என்று ஆணை வந்தபோது டாலர்னா கொதித்தெழுந்தது. தம்மை அரியணையில் ஏற்றிய அதே மக்களை அவர் இரக்கமின்றி ஒடுக்கினார்.

கேள்வி: சார், ஃபின்லாந்தையும் சேர்த்தாலும் 12 லட்சத்தைச் சற்றே தாண்டும் மக்கள்தொகை. பாதி ஆண்டு பனி. இப்படிப்பட்ட நாடு, ஜெர்மானிய மண்ணில் 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் ஐரோப்பாவை எப்படி ஆட்டிப் படைத்தது? குஸ்தாவ் அடால்ஃபின் போர்த்திறமை மட்டும் போதுமா?

போதாது. ஸ்வீடன் அரசர் இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃப் திறமைசாலி என்பதில் ஐயமில்லை. 1631-ல் பிரைட்டன்ஃபெல்ட் களத்தில் அவருடைய படை காட்டிய வேகத்தை ஐரோப்பா அதுவரை கண்டதில்லை. ஆனால் வேகத்துக்கும் கூலி கொடுக்க வேண்டும்.

ஃபாலுன் சுரங்கத்தின் செம்பு அக்கால ஐரோப்பியச் சந்தையில் கோலோச்சியது. இன்றைய பெல்ஜியத்தின் லியேஜில் பிறந்த லூயி டி யெர் என்ற முதலாளி அப்பக்கத்து வல்லூன் கொல்லர்களைக் கூட்டிவந்து இரும்பாலைகளையும் பீரங்கி வார்ப்பையும் பெருக்கினார். 1631-ன் பேர்வால்டே உடன்படிக்கைப்படி, ஆண்டுக்கு 4 லட்சம் தாலர் தருவதாக ஃபிரான்ஸ் ஒப்புக்கொண்டது. கத்தோலிக்கக் கார்டினல் ரிஷ்லியூ, கத்தோலிக்கப் பேரரசரை எதிர்க்க, லூதரன் அரசருக்குப் பணம் கொடுக்கிறார்! மதப்போர் என்று பெயர் வைத்தவர்கள் இந்த ரசீதைப் பார்க்கவில்லை போலும். படையிலும் ஜெர்மானிய, ஸ்காட்டியக் கூலி வீரர்கள் மிகுதி. தோற்ற நாட்டிடம் தண்டம் வாங்கி அவர்களுக்குச் சம்பளம் போட்டார்கள்.

அப்படியென்றால் ஸ்வீடன் என்ன கொடுத்தது? ஆட்களைக் கொடுத்தது. வட ஸ்வீடனில் பிக்டியோ என்று ஒரு சிறு பங்கு. 1621 முதல் 1639 வரை அங்கிருந்து 230 பேர் படைக்கு எடுக்கப்பட்டார்கள். அவர்களில் 215 பேர் கடலுக்கு அப்பால் மாண்டார்கள், பெரும்பாலோர் முகாம் நோய்களால். பட்டியலில் சேர்க்கப்படுவோரின் வயது ஆண்டுக்கு ஆண்டு குறைந்து, கடைசியில் பதினைந்து, பதினாறு வயதுப் பையன்களில் வந்து நின்றது. பண்ணைகளைப் பெண்கள் நடத்தினார்கள். இந்த எண்கள் இன்று நமக்குத் தெரிவதே, பங்குக் குருவும் அரசு எழுத்தரும் ஒவ்வொரு பெயரையும் எழுதி வைத்ததால்தான். பெயர் எழுதப்பட்டவன் ஒளிய முடியாது. சின்ன நாட்டின் பெரிய படைக்கு அதுதான் அடித்தளம்.

இதையெல்லாம் கட்டி மேய்த்தவர் ஆக்ஸல் ஊக்ஸென்ஷெர்னா. 1612-ல் தமது 28-ஆம் வயதில் அரசரின் சான்சலரானார் (தலைமை அமைச்சர் போன்ற பதவி), 1654-ல் இறக்கும்வரை அப்பதவியில் இருந்தார். 1632 நவம்பரில் லூட்சன் களத்தில் மூடுபனிக்குள் வழிதவறி அரசர் கொல்லப்பட்டபோது, வாரிசுக்கு வயது ஆறுகூட நிறையவில்லை. வேறு நாடாக இருந்தால் சரிந்திருக்கும். ஊக்ஸென்ஷெர்னா 1634-ல் ஆட்சிமுறைச் சட்டம் ஒன்றை வகுத்து, நீதி, படை, கடற்படை, செயலகம், கருவூலம் என்று ஐந்து துறைகளை நிலையாக்கினார். அரசன் இல்லாமலும் ஓடும் அரசு அது. 1648 சமாதானத்தில் மேற்குப் பொமரேனியாவும் பிரேமன், வெர்டன் பகுதிகளும் ஸ்வீடனுக்குக் கிடைத்தன. என்னைக் கேட்டால், அந்தக் காலத்தின் பெரிய மனிதர் குதிரைமேல் இருந்தவர் அல்லர், மேசைமுன் இருந்தவர்.

கேள்வி: 'வாசா' கப்பல் துறைமுகத்திலேயே மூழ்கிய கதை உண்மையா? யாருக்குத் தண்டனை கிடைத்தது?

உண்மை. 1628 ஆகஸ்ட் 10. புறப்பட்டு ஒன்றரைக் கிலோமீட்டர்கூடப் போகவில்லை. ஒரு காற்று சாய்த்தது, திறந்திருந்த கீழ்வரிசைப் பீரங்கித் துளைகள் வழியே நீர் புகுந்தது, ஊரே கரையில் நின்று பார்க்க மூழ்கியது. ஏறத்தாழ 30 பேர் இறந்தார்கள்.

கப்பல் அகலம் குறைவு, மேற்பகுதி கனம். இரண்டு தளங்களிலும் கன பீரங்கிகள், மொத்தம் 64. புறப்படும் முன்னரே சோதனை ஒன்று செய்தார்கள்: 30 பேர் மேல்தளத்தில் இப்பக்கமும் அப்பக்கமும் ஓட வேண்டும். மூன்றாம் ஓட்டத்திலேயே கப்பல் கவிழப் பார்த்ததால் அட்மிரல் சோதனையை நிறுத்தினார். சோதனை நின்றது, பயணம் நிற்கவில்லை. போலந்துப் போரில் இருந்த அரசர் கப்பலுக்கு அவசரப்படுத்திக்கொண்டிருந்தார், அளவுகளுக்கு ஒப்புதல் தந்தவரும் அவரே. தலைமைத் தச்சர் ஹென்ரிக் ஹீபர்ட்சன் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துபோயிருந்தார். விசாரணையில் யாருக்கும் தண்டனை இல்லை. செத்தவரையும் தண்டிக்க முடியாது, அரசரையும் கேட்க முடியாது.

மரத்தைத் துளைக்கும் கப்பல்புழு பால்டிக்கின் உப்புக் குறைந்த நீரில் வாழாது. அதனால்தான் 1961-ல் தூக்கியபோது கப்பல் ஏறத்தாழ முழுசாகக் கிடைத்தது.

கேள்வி: அரசி கிறிஸ்டினா காதலுக்காக முடிதுறந்தார் என்று எங்கோ படித்தேன். அவர்தான் டெக்கார்த்தைக் கொன்றார் என்றும் சொல்கிறார்களே?

காதலை விடுங்கள், அது திரைப்படத்தின் கைவண்ணம். லூட்சனில் இறந்த அரசரின் மகள் அவர். ஆண் வாரிசுக்குரிய கல்வி பெற்று, பல மொழிகள் கற்று வளர்ந்தவர். திருமணம் செய்துகொள்ள மறுத்தார், தம் உறவினர் கார்ல் குஸ்தாவை வாரிசாக ஏற்கும்படி சபையைச் சம்மதிக்க வைத்தார். 1654 ஜூன் 6-ல் உப்சாலாவில் முடிதுறந்தார். அடுத்த ஆண்டு இன்ஸ்புருக்கில் வெளிப்படையாகக் கத்தோலிக்கரானார். தந்தை உயிரைக் கொடுத்தது எந்தத் தரப்புக்காகவோ, மகள் அதற்கு எதிர்த்தரப்பில் சேர்ந்தார். ரோமில் வாழ்ந்து 1689-ல் இறந்தார். புனித பேதுரு பேராலயத்தில் அடக்கம்.

அவரைத் துறவி என்றும் நினைத்துவிட வேண்டாம். 1657-ல் ஃபிரான்ஸில் விருந்தாளியாகத் தங்கியிருந்தபோது, தம் பணியாளர் மோனல்டெஸ்கியைத் துரோகி என்று சொல்லி ஃபோந்தேன்புளோ அரண்மனையிலேயே கொல்ல வைத்தார். நாடு இல்லாத அரசி மரண தண்டனை விதிக்கலாமா என்று ஐரோப்பா வெகுநாள் வாதிட்டது.

ஃபிரெஞ்சுத் தத்துவஞானி டெக்கார்த் 1649 இலையுதிர் காலத்தில் ஸ்டாக்ஹோம் வந்தார். நண்பகல்வரை படுக்கையில் சிந்திக்கும் பழக்கமுள்ளவரை, குளிர்காலத்தில் அதிகாலை ஐந்து மணிக்குப் பாடம் சொல்ல வரச் சொன்னால் என்ன ஆகும்? 1650 பிப்ரவரி 11-ல் நுரையீரல் அழற்சியால் இறந்தார். கொலை என்று சொல்ல மாட்டேன், விருந்தோம்பலும் ஆகாது.

கேள்வி: ஸ்வீடனில் பிப்ரவரி 30 என்று ஒரு தேதி இருந்ததாமே. வதந்திதானே?

வதந்தி இல்லை, 1712-ல் இருந்தது. பழைய ஜூலியன் நாட்காட்டியிலிருந்து இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மெல்ல மெல்ல மாற, 1700 முதல் 40 ஆண்டுகளுக்கு லீப் நாட்களை விட்டுவிடலாம் என்று திட்டம். 1700-ல் விட்டார்கள். 1704-லும் 1708-லும் மறந்து சேர்த்துவிட்டார்கள். இப்போது ஸ்வீடன் எந்த நாட்டோடும் ஒத்துப்போகவில்லை. வெறுத்துப்போய் 1712-ல் ஒரு நாளைக் கூடுதலாகச் சேர்த்துப் பழையதற்கே திரும்பினார்கள். 1753-ல்தான் பிப்ரவரி 17-க்கு மறுநாளை மார்ச் 1 என்று அறிவித்து ஒரே தாவாகத் தாவினார்கள்.

கேள்வி: ஐரோப்பாவின் முதல் காகிதப் பணம் ஸ்வீடனில் ஏன் பிறந்தது? செல்வம் கொழித்ததாலா?

காசு கனத்ததால்! வெள்ளி குறைவு, செம்பு மிகுதி. எனவே செம்பின் மதிப்புக்கு ஈடாகத் தகடுகளையே நாணயமாக அடித்தார்கள். 1644-ல் வெளியான 10 டாலர் தகட்டின் எடை ஏறத்தாழ 20 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு யார் போவது? ஸ்டாக்ஹோமில் வங்கி நடத்திய யோஹான் பால்ம்ஸ்ட்ரூக் 1661-ல் அதற்குப் பதில் சீட்டு கொடுக்கத் தொடங்கினார். சீட்டு இனித்தது, கையிருப்பை மீறி அச்சிட்டார், வங்கி சில ஆண்டுகளில் கவிழ்ந்தது. அவருக்கு மரண தண்டனை விதித்துப் பிறகு குறைத்தார்கள். அந்தச் சிதைவிலிருந்து 1668-ல் எழுந்த அரசு வங்கிதான் இன்று உலகின் மிகப் பழைய மத்திய வங்கி.

கேள்வி: கல்வியில் முன்னணி நாடு என்கிறோம். அங்கேயும் சூனியக்காரிகள் என்று பெண்களைக் கொன்றார்களா அம்மா, ஐயா, யாராவது சொல்லுங்கள்.

கொன்றார்கள். 1668 முதல் 1676 வரை அந்தப் பித்து நாட்டைப் பிடித்தது. கொல்லப்பட்டோர் சுமார் 300 பேர். பிள்ளைகளே முக்கியச் சாட்சிகள்: இரவில் தங்களைச் சாத்தானின் விருந்துக்குத் தூக்கிச் சென்றதாகச் சொன்னார்கள். 1675-ல் தூர்ஸோக்கர் பகுதியில் மட்டும் ஒரே நாளில் 71 பேரின் தலையை வெட்டி உடலை எரித்தார்கள், அவர்களில் 65 பேர் பெண்கள். அடுத்த ஆண்டு ஸ்டாக்ஹோமில் விசாரணைக் குழு சற்றுக் கூர்மையாகக் கேட்டபோது, பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தாங்கள் சொன்னது பொய் என்றார்கள். பித்து அத்தோடு தணிந்தது. முறையாகக் கேட்ட கேள்விகள் எட்டு ஆண்டு தாமதமாக வந்தன.

அதே நூற்றாண்டின் 1686 திருச்சபைச் சட்டம், எல்லோரும் வாசிக்கக் கற்க வேண்டும் என்றது. குரு வீடுகளைக் கூட்டி வாசிக்கச் சொல்லிச் சோதித்துப் பேரேட்டில் குறித்தார். பெண்களும் அதில் அடக்கம்.

கேள்வி: பன்னிரண்டாம் கார்ல் மாவீரனா, மூடனா? ஒரே சொல்லில் பதில் வேண்டும்.

ஒரே சொல் வேண்டுமென்றால்: பிடிவாதக்காரன். 15 வயதில் அரசன். 1700-ல் பனிப்புயலுக்கு நடுவே நார்வாவில் தன் படையைப்போல் பல மடங்கு பெரிய ரஷ்யப் படையைச் சிதறடித்தான். சமாதானத்துக்கு வாய்ப்பு வந்தபோதெல்லாம் தட்டிக்கழித்தான். 1709-ன் கொடுங்குளிரில் படை பாதி அழிந்தபின் பொல்தாவாவில் ரஷ்ய மன்னன் பீட்டரிடம் தோற்று, துருக்கிய மண்ணில் தஞ்சம் புகுந்தான். அங்கே விருந்தாளியாக ஐந்தாண்டு! அங்குள்ள பெந்தர் என்ற ஊரிலிருந்து தலைநகருக்கு உத்தரவு அனுப்பி ஆண்டான். போகச் சொன்னாலும் போகாததால் 1713-ல் துருக்கிய வீரர்கள் அவன் வீட்டைத் தாக்கிப் பிடித்தார்கள். ஊர் திரும்பியபோது கடன்காரர்களும் பின்தொடர்ந்து வந்தார்கள்.

1718-ல் நார்வேயின் பிரெட்ரிக்ஸ்டென் கோட்டையை முற்றுகையிட்டபோது, தன் படை வெட்டிய பதுங்குகுழியில் தலையில் குண்டு பட்டு இறந்தான். கோட்டையிலிருந்து வந்த குண்டா, சொந்த ஆளின் சதியா என்று இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். கல்லறையைத் திறந்து மண்டையோட்டைப் பல முறை ஆராய்ந்தும் தீரவில்லை. வரியும் ஆட்சேர்ப்பும் கசக்கிய நாட்டில் அவனைக் கொல்ல நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் பதுங்குகுழியிலிருந்து தலையை நீட்டுபவனுக்குச் சதி தேவையில்லை. எதிரியின் குண்டு என்றே கருதுகிறேன். 1721-ல் பால்டிக் மாகாணங்கள் ரஷ்யாவிடம் போயின.

கேள்வி: நான் கடலூர் மாவட்டம். ஸ்வீடன்காரர்கள் நம் கரைக்கு வந்ததுண்டா?

உண்டு, பரங்கிப்பேட்டைக்கே வந்தார்கள். 1731-ல் கோத்தன்பர்க்கில் ஸ்வீடிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது. 1733-ல் 'அரசி உல்ரிகா எலியனோரா' என்ற கப்பல் பரங்கிப்பேட்டையில் சரக்கிறக்கிப் பண்டகசாலை ஒன்றைத் திறந்தது. சென்னை ஆங்கிலேயரும் புதுச்சேரி ஃபிரெஞ்சுக்காரரும் ஒருவரையொருவர் கடித்துக் குதற நினைப்பவர்கள், இந்தப் புதுப் போட்டியாளரை விரட்ட மட்டும் கைகோத்தார்கள். படையை அனுப்பிப் பண்டகசாலையைப் பிடித்தார்கள். அதன்பின் கம்பெனி பெரும்பாலும் சீனத் தேயிலையோடு நின்றுகொண்டது.

இன்னொரு தொடர்பும் உண்டு. உப்சாலாவில் ஸ்வீடனின் தாவரவியல் அறிஞர் லின்னேயசிடம் படித்த கோயனிக், 1768-ல் தரங்கம்பாடிக்கு வந்து செடிகளைத் திரட்டினார். நம் கறிவேப்பிலையின் தாவரவியல் பெயரில் இன்றும் இருப்பவர் அவர்தான்.

கேள்வி: 1766-ன் அச்சுச் சுதந்திரச் சட்டம் உலகில் முதலாவது என்பது பெருமைப் பேச்சா?

பெருமைப் பேச்சில்லை. கார்ல் இறந்தபின் அரசனின் அதிகாரத்தை வெட்டி, சபையே ஆண்ட காலம் அது. மத நூல்களுக்குத் தவிர முன்தணிக்கை ஒழிந்தது. அதைவிட முக்கியமாக, அரசு அலுவலகக் கோப்புகளை எந்தக் குடிமகனும் கேட்டு வாங்கிப் பார்த்து அச்சிடலாம் என்றது. இதற்குப் பாடுபட்டவர்களில் ஃபின்லாந்துப் பக்கத்துக் குரு ஆண்டர்ஸ் கிடேனியுஸ் முக்கியமானவர். குடிமக்களைக் கணக்கெடுத்த அதே பேரேட்டைக் குடிமக்களே புரட்டிப் பார்க்கும் உரிமை அது. அரசன் மூன்றாம் குஸ்தாவ் 1772-ல் சபையின் அதிகாரத்தைப் பறித்து, 1774-ல் இந்தச் சுதந்திரத்தையும் சுருக்கினான். 1792 மார்ச்சில் ஒபேரா அரங்கின் முகமூடி நடனத்தில் ஆங்கர்ஸ்ட்ரோம் என்ற பிரபு அவனைச் சுட்டபோது, அன்று மாலையே எச்சரிக்கைக் கடிதம் ஒன்று அவன் கைக்கு வந்திருந்தது. படித்துவிட்டுத்தான் நடனத்துக்குப் போனான்.